முதியோர் இல்லத்தின் சூரிய வெப்ப நீர் அமைப்பு: அறிகுறிகளைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

முதியோர் இல்லங்களிலும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலும் கூரைமேல் நிறுவப்பட்டிருக்கும் சூரிய வெப்ப நீர் அமைப்பில் கோளாறு ஏற்பட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை இந்த வழிமுறை அறிகுறிவாரியாக விளக்குகிறது. ஒரு வீட்டில் சோலார் பழுதானால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். பராமரிப்பு இல்லத்தில் அப்படித் தெரிவதில்லை. மின்சாரத்திலோ எரிவாயுவிலோ இயங்கும் துணை வெப்பமூட்டி எந்நேரமும் தயாராக நிற்பதால், சூரிய அமைப்பு முற்றிலும் நின்றுபோன பிறகும் குழாயில் சுடுநீர் வந்துகொண்டே இருக்கும். ஆகவே யாரும் குறை சொல்லவில்லை என்பதை அமைப்பு நலமாக இருப்பதற்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. வெப்பநிலைகளை அளந்து பார்ப்பது ஒன்றே நம்பத்தக்க சான்று.

பின்வரும் எல்லா அறிகுறிகளுக்கும் சில எண்கள் பொதுவானவை. சேமிப்புத் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் குறைந்தது 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கட்டடத்தைச் சுற்றித் திரும்பிவரும் ரிட்டர்ன் குழாயில் அது 50 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. 55 டிகிரியாக இருப்பது இன்னும் நல்லது. குளியல் தொட்டியில் 44 டிகிரியும், ஷவரிலும் கைகழுவும் தொட்டியிலும் 41 டிகிரியும் மேல் வரம்பு என்பது முதியோர் பராமரிப்பில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை. தொட்டியில் இருக்க வேண்டிய வெப்பமும் உடலில் படக்கூடிய வெப்பமும் இவ்வளவு விலகியிருப்பதால், சுடுநீரோடு குளிர்நீரைக் கலந்து இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் கலவை வால்வுதான் இந்த அமைப்பின் மிகப் பொறுப்பான உறுப்பு என்று நான் கருதுகிறேன்.

வேலையைத் தொடங்குமுன், வெப்பநிலையைப் பார்த்துப் பம்பை இயக்கி நிறுத்தும் கன்ட்ரோலர், பம்ப், மின்ஹீட்டர் ஆகியவற்றின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தவறுதலாக யாரும் மீண்டும் போட்டுவிடாதபடி எழுதி மாட்டுங்கள். வெயிலை வாங்கித் திரவத்தைச் சூடேற்றும் கூரை உறுப்பான கலெக்டர், உள்ளே ஓட்டம் நின்றுபோனால், உச்சி வெயிலில் 150 டிகிரிக்கு மேலும், வெற்றிடக் குழாய் வகையானால் 200 டிகிரிக்கு மேலும் ஏறக்கூடும். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் நீராவி பீறிட்டுச் சுடும். குளிர்ந்த நீரை உள்ளே விட்டால் கண்ணாடிக் குழாய்கள் வெடிக்கும். கலெக்டர் பக்கத்து வேலையை விடிகாலையிலோ, கலெக்டரைத் தார்ப்பாயால் மூடி நன்கு ஆறவிட்ட பிறகோதான் செய்ய வேண்டும்.

குழாயில் நீர் சுடுகிறது, அல்லது சூடு ஏறி இறங்குகிறது

இந்த அறிகுறி தென்பட்டால் மற்ற எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு இதை முதலில் கவனிக்க வேண்டும். 60 டிகிரி நீர் ஆரோக்கியமான ஒருவரின் தோலையே ஏறத்தாழ 5 நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். முதியவர்களின் தோல் மெல்லியது. நீரிழிவினால் கால்களில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு உறைக்காது. மறதி நோயுள்ளவர் சுடுகிறது என்று உணர்ந்தாலும் குழாயை மூடவோ விலகவோ தெரியாமல் அப்படியே நிற்கலாம். சூரிய அமைப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சாதாரண ஹீட்டர் குறித்த வெப்பநிலையில் தானே நின்றுவிடும். தொடர்ந்து நல்ல வெயில் அடித்து, பயன்பாடும் குறைந்த நாட்களில் சோலார் தொட்டியோ 80, 90 டிகிரி வரை ஏறிவிடும்.

முதலில் அந்தக் குழாயைப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டு, நீரை ஒரு நிமிடம் ஓடவிட்டு வெப்பமானியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குளியலறையில் மட்டும் சுடுகிறதென்றால் கோளாறு அந்த அறையின் கலவை வால்வில் இருக்கிறது. எல்லா அறைகளிலும் சுடுகிறதென்றால் பொதுவான கலவை வால்வையோ குளிர்நீர் வரத்தையோ பார்க்க வேண்டும். கூரைத் தொட்டியில் குளிர்நீர் மட்டம் இறங்கினாலோ, துணி துவைக்கும் இயந்திரம் ஒரே நேரத்தில் குளிர்நீரை இழுத்தாலோ, குளிர்நீர் அழுத்தம் விழுந்து கலவை சூடான பக்கம் சாயும். சூடு ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அழுத்தம் சரியாக இருந்தால், வால்வின் இருபக்கமும் உள்ள வடிகட்டிச் சல்லடைகளைக் கழற்றிக் கழுவி, உள்ளே உப்புப் படிந்திருந்தால் உப்பு நீக்கியில் ஊறவைத்து எடுங்கள்.

திரும்பப் பொருத்திய பின் ஒரு சோதனை அவசியம். கலந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது குளிர்நீர் வரத்தை மட்டும் மூடுங்கள். நல்ல வால்வு சில நொடிகளில் சுடுநீரையும் தானே அடைத்து, ஓட்டத்தைச் சொட்டு அளவுக்குக் குறைத்துவிடும். சுடுநீர் தொடர்ந்து கொட்டுமானால் அந்த வால்வைச் சீர்செய்து பயனில்லை, மாற்றிவிட வேண்டும். வால்வு நன்றாக இருந்தாலும், ஒருவரைக் குளியல் தொட்டியில் இறக்குமுன் பராமரிப்பாளர் வெப்பமானியை நீரில் வைத்துப் பார்ப்பதை எந்த நாளிலும் விடக் கூடாது. கையுறை அணிந்த கையால் தொட்டுப் பார்ப்பதை அளவாக ஏற்க முடியாது.

குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறது என்பதும் இதே குடும்பத்து அறிகுறிதான். கலவை வால்வின் உள்ளே நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகி, சுடுநீர் குளிர்நீர் வரிசைக்குள் பின்னோக்கிக் கசிகிறது என்று பொருள். கலவை வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தால், எதை அடைத்ததும் வெதுவெதுப்பு நிற்கிறதோ அதுவே குற்றவாளி.

நீர் வெதுவெதுப்பாகவே வருகிறது

சூடு போதவில்லை என்ற புகாராக இது வரும். ஆனால் இதிலுள்ள பெரிய கவலை கிருமியைப் பற்றியது. 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய கடும் நிமோனியாவை ஆராய்ந்தபோது அடையாளம் காணப்பட்ட லெஜியோனெல்லா பாக்டீரியா, 20 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் செழித்துப் பெருகும். ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளோடு அது நுரையீரலுக்குள் சென்றால், வயது முதிர்ந்தவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுமே அதிகம் பாதிக்கப்படுவார்கள். 50 டிகிரியில் அது மடிய மணிக்கணக்காகும். 60 டிகிரியில் பெரும்பகுதி சில நிமிடங்களில் மடியும்.

சூரிய அமைப்புகளில் பெரும்பாலும் இரண்டு தொட்டிகள் இருக்கும். சூரியன் சூடேற்றும் முன்தொட்டி, அதாவது சோலார் தொட்டி, ஒன்று. அதிலிருந்து வரும் நீரை 60 டிகிரிக்கு உயர்த்தும் துணைத்தொட்டி மற்றொன்று. மேகமூட்டமான வாரத்தில் முன்தொட்டி நாள்கணக்கில் 30, 35 டிகிரியில் தங்கிவிடும். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. சூரிய அமைப்பின் இயல்பே அது. அதனாலேயே முன்தொட்டியின் அடிநீர் உட்பட முழு நீரையும் தினமும் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது. துணைத்தொட்டிக்கும் முன்தொட்டிக்கும் இடையே நீரைச் சுற்றவிடும் சிறிய பம்ப் ஒன்று இதற்கென்றே இருக்கும். அது ஓடுகிறதா, அதன் டைமரில் நேரம் சரியாக இருக்கிறதா, ஓடும்போது முன்தொட்டியின் அடியில் உண்மையிலேயே 60 டிகிரி எட்டுகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். மின்வெட்டுக்குப் பின் டைமரின் கடிகாரம் பிசகிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இந்தச் சூடேற்றத்தை வெயில் சாய்ந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பகலில் சூரியன் ஏற்றியதற்கு மேல் மிச்சமுள்ள சில டிகிரிகளை மட்டும் துணை ஹீட்டர் சேர்த்தால் போதும். மறுநாள் காலைக் குளியலில் அந்தச் சுடுநீர் செலவாகி, வெயில் ஏறும் நேரத்தில் தொட்டியில் குளிர்நீர் காத்திருக்கும்.

இரண்டு தொட்டிகளும் 60 டிகிரியில் இருந்தும் ஒரு பக்கத்து அறைகளில் மட்டும் வெதுவெதுப்பாக வந்தால், அந்தக் கிளையின் ரிட்டர்ன் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்திருந்தால் சுற்றோட்டப் பம்ப் நின்றிருக்கும், காற்று அடைத்திருக்கும், அல்லது கிளைகளுக்கு ஓட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் சமன்செய்யும் வால்வை யாரோ மூடியிருப்பார்கள். ஆள் இல்லாத அறைகளின் குழாயையும் ஷவரையும் வாரத்தில் ஒருமுறையாவது சில நிமிடங்கள், நுண்துளி தெறிக்காதபடி மெல்லத் திறந்துவிட வேண்டும். செலவைக் குறைப்பதற்காகத் தொட்டியின் தெர்மோஸ்டாட்டை 50-க்கு இறக்கச் சொல்லி யாரேனும் அறிவுறுத்தினால் ஏற்காதீர்கள். செலவைக் குறைப்பது சூரியனின் வேலை. உயிரைக் காக்கும் 60 டிகிரியில் கை வைத்து அதைச் செய்யக் கூடாது.

சுடுநீர் தாராளமாக வருகிறது, ஆனால் எரிபொருள் செலவு குறையவில்லை

மாதக்கணக்கில் யாருடைய கண்ணிலும் படாமல் இருக்கும் அறிகுறி இது. இங்கே இரண்டு சாத்தியங்கள் உள்ளன: சூரிய அமைப்பு வெப்பம் சேர்க்கவே இல்லை, அல்லது சேர்த்த வெப்பத்துக்கு இடமில்லாமல் போகிறது. இரண்டையும் பிரித்தறிய, வெயில் தெளிவாக அடிக்கும் ஒரு நாளில் காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளைகளில் கலெக்டர் வெப்பநிலை, சோலார் தொட்டியின் அடி வெப்பநிலை, மேல் வெப்பநிலை ஆகியவற்றைக் கன்ட்ரோலரிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

காலை 8 மணிக்கே தொட்டியின் அடி 55 டிகிரியைத் தாண்டி இருந்தால், துணை ஹீட்டர் சூரியனை முந்திக்கொண்டுவிட்டது. காலைக் குளியல் முடிந்ததும் ஹீட்டர் தொட்டி முழுவதையும் மீண்டும் சூடேற்றிவிடுவதால், வெயில் ஏறும்போது அது சூடேற்றக் குளிர்நீரே மிஞ்சுவதில்லை. ஒரே தொட்டியில், கலெக்டரின் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும் சூரியச் சுருளும் ஹீட்டரும் இருக்குமானால், ஹீட்டர் தொட்டியின் மேல்பகுதியை மட்டுமே சூடேற்றும் உயரத்தில் இருக்க வேண்டும். பராமரிப்பு இல்லங்களில் இதைவிட அதிகம் தென்படுவது ரிட்டர்ன் குழாயின் தவறான இணைப்பு. இரவும் பகலும் சுற்றும் அந்த 50 டிகிரி நீர் சோலார் தொட்டியின் அடியில் வந்து சேருமாறு இணைத்திருந்தால், மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக அடுக்கடுக்காக நிற்க வேண்டிய நீர் கலங்கி, தொட்டி முழுதும் ஒரே வெதுவெதுப்பாகிவிடும். ரிட்டர்ன் குழாயைத் துணைத்தொட்டியின் மேற்பாதிக்கு மாற்றுவது ஒரு பிளம்பரின் சிறு வேலை. அதற்குக் கிடைக்கும் பலன் பெரிது.

சுற்றோட்டக் குழாய்களின் காப்புறையையும் பாருங்கள். நீண்ட தாழ்வாரங்கள் உள்ள கட்டடத்தில், குளியலுக்குச் செலவாகும் வெப்பத்துக்கு நிகராகக் குழாய்ச் சுவர் வழியே வெப்பம் வெளியேறுவது உண்டு. காப்புறை கிழிந்த இடங்களும், காப்பே இடாமல் விட்ட வால்வுகளும் ஆண்டு முழுவதும் வெப்பத்தைக் கசியவிடுகின்றன.

நண்பகலில் கலெக்டர் 94 டிகிரி, தொட்டியின் அடி 41 டிகிரி, பம்ப் ஓடுவதாகத் திரையில் குறி. இப்படி ஒரு பதிவு உங்கள் தாளில் இருந்தால் இடம் போதாமை காரணமல்ல. வெப்பம் கூரையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

நல்ல வெயிலிலும் சோலார் தொட்டி சூடாகவில்லை

பம்ப் உள்ள அமைப்பில் கலெக்டருக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே 6 முதல் 10 டிகிரி வேறுபாடு வந்ததும் கன்ட்ரோலர் பம்பை ஓடவிடும். வேறுபாடு 2 முதல் 4 டிகிரியாகச் சுருங்கியதும் நிறுத்தும். நன்றாக ஓடும் அமைப்பில் தெளிந்த வெயிலில் கலெக்டருக்குப் போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் 10 டிகிரி அளவில் வேறுபாடு இருக்கும். 40, 50 டிகிரி வேறுபாடு தெரிந்தால் திரவம் ஓடவில்லை, அல்லது மிக மெல்ல ஓடுகிறது என்று பொருள்.

பம்பின் உடலில் நீண்ட திருப்புளியின் முனையை வைத்து, பிடியைக் காதருகே கொண்டுவந்து கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் கேட்டால் சுழல்கிறது. உறுமல் மட்டும் கேட்டால் அச்சு இறுகியிருக்கிறது. சலசலவென்று கூழாங்கல் உருளும் ஓசை கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது. காற்று இருந்தால் மிக உயரமான இடத்திலுள்ள ஏர் வென்ட்டை விடிகாலையில் திறந்து காற்றை வெளியேற்றி, பின்னர் அழுத்தத்தை முன்பிருந்த அளவுக்கு நிரப்புங்கள். பம்பே ஓடவில்லையென்றால் கன்ட்ரோலரைக் கையியக்க நிலையில் வைத்துப் பாருங்கள். அப்போது ஓடினால் பம்பில் குறையில்லை. கன்ட்ரோலருக்கு வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

சென்சாரைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பிடி1000 வகைச் சென்சாரைப் பயன்படுத்துகின்றன. அதன் இரு கம்பிகளையும் கழற்றி மின்தடையை அளந்தால் 0 டிகிரியில் 1000 ஓம், 25 டிகிரியில் 1097 ஓம், 60 டிகிரியில் 1232 ஓம், 100 டிகிரியில் 1385 ஓம் காட்ட வேண்டும். அளவு எல்லையின்றிப் போனால் கம்பி அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டினால் உரசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூரையில் வெயிலிலும் பறவைகளின் அலகிலும் அந்தக் கம்பியின் உறை எளிதில் கெடும். மின்தடை சரியாக இருந்தும் திரையில் வெப்பநிலை குறைவாகவே தெரிந்தால், சென்சார் அதன் குழியிலிருந்து வெளியே நழுவிக் காற்றின் வெப்பத்தை அளந்துகொண்டிருக்கக்கூடும். உள்ளே முழுவதும் தள்ளி, வெப்பம் கடத்தும் பசை தடவி, இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

ஓட்டமும் சென்சாரும் சரி. ஆனாலும் கலெக்டருக்குப் போகும் குழாயும் திரும்பும் குழாயும் ஒன்றுபோலச் சூடாக இருந்து, தொட்டி மட்டும் குளிர்ந்திருக்கிறதென்றால், வெப்பப் பரிமாற்றச் சுருளில் உப்புப் படிந்திருக்கிறது. கடின நீர் 60 டிகிரிக்கு மேல் செல்லும் இடங்களில் இது விரைந்து படியும். பல வரிசைக் கலெக்டர்கள் உள்ள கூரையில் ஒரு வரிசை மட்டும் கொதித்து மற்றவை ஆறிக்கிடந்தால் ஓட்டம் சமமாகப் பிரியவில்லை. சமன்செய்யும் வால்வுகளை மீண்டும் சரிப்படுத்த வேண்டும்.

பம்ப் இல்லாமல் நீர் தானே ஏறியிறங்கும் வகையில் காரணங்கள் குறைவு. தொட்டியில் நீர்மட்டம் கலெக்டரிலிருந்து வரும் சுடுநீர்க் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் ஓட்டம் அறுந்துபோகும். குழாய் எங்கேனும் தொய்ந்து மேடாகியிருந்தால் அந்த மேட்டில் காற்று அடைக்கும். தூசியும் மர நிழலும் எல்லா வகைக்கும் பொது. வெற்றிடக் குழாயின் அடிமுனையில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் அந்தக் குழாயில் வெற்றிடம் போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாம்.

மாலையில் சூடாக இருந்த சோலார் தொட்டி விடியும்போது ஆறிவிடுகிறது

இரவு 10 மணிக்குமேல் யாரும் நீர் எடுக்காத நேரத்தில் கலெக்டர் வெப்பநிலையைப் பாருங்கள். அது வெளிக்காற்றைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால், தொட்டியின் வெப்பம் பின்னோக்கி ஏறிக் கூரையில் வீணாகிக்கொண்டிருக்கிறது. பம்ப் அருகிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வில் அழுக்குச் சிக்கி அது முழுதாக மூடாததே பெரும்பாலும் காரணம். கழுவிப் பார்த்து, சரியாகவில்லையென்றால் மாற்றுங்கள். கலெக்டர் ஆறியிருந்தும் தொட்டி குளிர்கிறதென்றால் காப்புறை நனைந்திருக்கலாம், அல்லது எங்கோ ஒரு குழாய் இரவெல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கலாம்.

காலைக் குளியலின் பாதியிலேயே சுடுநீர் தீர்ந்துவிடுகிறது

பழுது தேடுமுன் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 1.163 வாட்-மணி ஆற்றல் வேண்டும். 25 பேர் ஆளுக்கு 40 லிட்டர் வீதம் 40 டிகிரி நீரில் குளித்தால் மொத்தம் 1000 லிட்டர்; குளிர்நீர் 20 டிகிரியானால் அதற்கு ஏறத்தாழ 23 கிலோவாட்-மணி வெப்பமும், 60 டிகிரியில் 500 லிட்டர் நீரும் தேவை. தொட்டியின் கொள்ளளவு முழுவதும் சூடாகக் கிடைக்காது. உள்ளே வரும் குளிர்நீர் கலப்பதால் முக்கால் பங்கைக் கணக்கில் கொள்வதே பாதுகாப்பு. அமைப்பு நிறுவிய பின் படுக்கைகளோ துணி துவைக்கும் இயந்திரமோ கூடியிருந்தால் குறை கருவியில் இல்லை. எல்லாரையும் காலை இரண்டு மணி நேரத்துக்குள் குளிப்பாட்டும் அட்டவணையைப் பிரித்து, விருப்பமுள்ளவர்களைப் பிற்பகலுக்கு மாற்றினால், வெயிலில் அப்போதே ஏறிய சூடும் பயன்படும். தம் குளியல் நேரத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை முதியவர்களுக்கு உண்டு என்பதால் அவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

அழுத்தம் அடிக்கடி இறங்குகிறது, பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது

சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் தரும் விரிவுக் கலனில் டயர் வால்வு போன்ற சிறிய வாய் ஒன்று இருக்கும். அதன் ஊசியை ஒரு கணம் அழுத்துங்கள். காற்று வந்தால் உள்ளிருக்கும் ரப்பர்ப் பை நலம்; திரவம் வந்தால் பை கிழிந்துவிட்டது, கலனை மாற்ற வேண்டும். காற்று வந்தும் வால்வு சொட்டுகிறதென்றால், திரவப் பக்கத்து அழுத்தத்தை இறக்கிவிட்டுக் காற்றழுத்தத்தை அளந்து, கருவியின் கையேட்டிலுள்ள அளவுக்கு ஏற்றுங்கள்.

உறைபனியைத் தாங்கப் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த அமைப்பானால் திரவத்தைச் சிறிது எடுத்துப் பாருங்கள். கரும்பழுப்பு நிறமும் காரமான நெடியும், 7-க்குக் கீழிறங்கிய கார அமில அளவும் (pH) அது மிகைச்சூட்டில் கெட்டுவிட்டதைக் காட்டும். அப்படியே விட்டால் குழாயை அரிக்கும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. சுருள் கசிந்தால் குளியல் நீரில் கலக்கக்கூடும் என்பதால் அதை இங்கே ஒருபோதும் ஊற்றக் கூடாது.

சுடுநீரில் துர்நாற்றம் அல்லது துரு நிறம்

சுடுநீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், தொட்டியின் உடலை அரிப்பிலிருந்து காக்க உள்ளே வைத்துள்ள மெக்னீசியம் தண்டும் நீரிலுள்ள சல்பேட்டும் சிலவகைப் பாக்டீரியாவும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடை உருவாக்குகின்றன. தொட்டி போதிய சூட்டில் இல்லை என்பதையும் அந்த நாற்றம் உணர்த்துகிறது. குழாய்களைப் பயன்பாட்டிலிருந்து நீக்கி அறிவிப்பு வைத்த பின் தொட்டியை 70 டிகிரிக்கு ஏற்றி, அடியைக் கழுவி வெளியேற்றுங்கள். நாற்றம் திரும்பினால் அலுமினியம்-துத்தநாகத் தண்டாகவோ மின்சாரத்தால் இயங்கும் தண்டாகவோ மாற்றுங்கள். துரு நிறம் தெரிந்தால் அந்தத் தண்டு முற்றிலும் கரைந்துபோயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டு கரைந்து முடிந்த பின் அரிப்பு தொட்டியின் உடலைத் தாக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியத் தொடங்கியதுமே புதிய தண்டைப் போட்டுவிடுங்கள்.